கடல் அடுப்படிக்கு வந்துருச்சு, மாத்து இடம் தர்றோம்குறாக. கையெழுத்துப் போடலாமா?

கடலாடிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், எழுதுறது இதான் முதல் தடவ. ஊரு பேரு போடல, ராமநாதபுரம் கரையில வாலிநோக்கத்துக்கும் மூக்கையூருக்கும் நடுவுலன்னு வச்சுக்கங்க. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கேன், ஊர்ல அப்பா அம்மா தம்பி, தம்பிக்கு கல்யாணமாகி ரெண்டு வருசம்.

நான் சின்னப் பிள்ளையா இருக்கப்ப எங்க வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல இன்னொரு வரிசை வீடு, அதுக்கு அங்கிட்டு வலைக்கொட்டகை, அதுக்கும் அங்கிட்டு பனை, அப்புறம்தான் மணல். இப்ப அந்த வரிசையே இல்ல. கடைசிப் பனை போன வாடைக்கு சாஞ்சது, தூரு மட்டும் தண்ணிக்குள்ள கருப்பா நிக்குது, வத்தத்துல, கடல் தண்ணி எறங்குறப்ப தெரியும். படகு கட்டுற முளைய எங்க அப்பா மூணு தடவ பிடுங்கி பின்னாடி பின்னாடி நட்டுட்டாரு, இப்ப முளை எங்க அடுப்படி சுவத்த ஒட்டி நிக்குது. அமாவாசை பவுர்ணமிக்கு ராத்திரி தண்ணி வந்து சுவத்துல தட்டுற சத்தம் கேக்கும், அம்மா எந்திரிச்சு உக்காந்துக்கும். கிணத்துத் தண்ணி உப்பாகி நாலஞ்சு வருசம் ஆச்சு, காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தா உண்டு, இல்லன்னா குடம் காசு குடுத்து வாங்குறது.

விசயம் என்னன்னா ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஆபீஸ்ல இருந்து வந்து கரையில இருந்து உள்ள தள்ளி நாலரை கிலோமீட்டர்ல ஆளுக்கு மூணு சென்ட் தர்றோம், வீடும் கட்டித் தர்றோம், பதிலுக்கு இப்ப இருக்குற நத்தம் பட்டாவ ஒப்படைக்கணும்னு ஒரு பாரம் குடுத்துருக்காக. 62 வீட்டுல 23 வீடு கையெழுத்துப் போட்டாச்சு. தம்பி போட்டுருவோம்குறான், அவன் பொண்டாட்டி மாசமா இருக்கு. அப்பா அந்தப் பேச்சு எடுத்தாலே எந்திரிச்சு வெளிய போயிருறாரு. அம்மா ஒன்னும் சொல்லல. அம்மா கடல்பாசி எடுக்கப் போறவுக, மாசம் பன்னெண்டு நாளு, அந்தக் காசுதான் வீட்டுல நிக்குற காசு.

போடலாமா வேணாமா? இது மாதிரி யாருக்காச்சும் நடந்துருக்கா?


உப்புக்காத்து:

போடாத தம்பி. இன்னைக்கு கடல் வருதுன்னு நம்மள எந்திரிக்கச் சொல்லுவாக, அஞ்சு வருசம் கழிச்சு அதே எடத்துல கல்லப் போட்டு ரிசார்ட் வரும், அப்ப மட்டும் கடல் வராது.


பாம்பன் பேரன்:

உப்புக்காத்து அண்ணே சொல்றதுல கோவம் இருக்கு, நியாயமும் இருக்கு, ஆனா அந்த அடுப்படில படுத்துருக்குறது நாம இல்லல்ல.

எங்க அப்பத்தா தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி. ரயிலு போனது, ஊரு போனது எல்லாரும் படிச்சுருப்பீங்க, அத நான் திரும்பச் சொல்லல. அதுக்கப்புறம் நடந்தத யாரும் எழுதுறதில்ல, அதான் எனக்கு வருத்தம். பாம்பன் பாலத்த 46 நாள்ல சரி பண்ணி ரயில ஓட விட்டாக, ஊர மட்டும் மனுசன் வாழ லாயக்கில்லாத எடம்னு அறிவிச்சுட்டாக. அப்பத்தாவும் தாத்தாவும் தங்கச்சிமடத்துல சொந்தக்காரங்க கொல்லையில ஓலை போட்டு உக்காந்தவுகதான். ஆனா தொழிலுக்கு? மறுபடி தனுஷ்கோடிக்கே தான் போனாரு தாத்தா. வருசத்துல ஆறு மாசம் அங்க குடிசை போட்டு கரைவலை இழுத்துட்டு வருவாரு. மண்ணத் தோண்டுனா ஊத்துல நல்ல தண்ணி வரும், அதச் செரட்டையில மோந்து மோந்து குடத்துல ஊத்துறதுதான் எங்க அப்பாவுக்கு சின்ன வயசு வேலை. கரண்டு கிடையாது, ரோடு கிடையாது, லாயக்கில்லாத எடத்துக்கு எதுக்கு ரோடுன்னு கேப்பாக. 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்துச்சு பாருங்க, அது டூரிஸ்ட்டுக்காக வந்துச்சு.

அதனால நான் சொல்றது, ஆளத் தூக்கி வேற எடத்துல வச்சாலும் தொழில் அவன இழுத்துட்டு வந்துரும். உங்க அப்பா போக மாட்டேன்னு சொல்றது பிடிவாதம் மட்டும் இல்ல.

இன்னொன்னு கேக்கணும், அந்த மூணு சென்ட் எந்த மாதிரி எடம்? மழைக்காலத்துல போய்ப் பாத்தீங்களா? 2024 நவம்பர் 20-ந் தேதி ராமேஸ்வரத்துல ஒரே பகல்ல 41 செ.மீ. மழை கொட்டுச்சே, கடல் ஒரு அடி கூட உள்ள வரல அன்னைக்கு, தண்ணி வானத்துல இருந்துதான் வந்துச்சு, எங்க தெருவுல கட்டில் மேல கட்டில் போட்டு உக்காந்துருந்தோம். நம்ம மாவட்டத்துல கவர்மெண்டுகிட்ட சும்மா கிடக்குற எடம்னா பாதி கம்மாய் உள்வாய், மழைக்குத் தண்ணி நிக்குற எடம், மீதி உப்புப் பூத்த உவரு. கடலுக்குப் பயந்து போயி கம்மாய்க்குள்ள வீடு கட்டிக்கிறதுல என்ன லாபம்.


கடலாடிக்காரன்:

பேரன் அண்ணே, எடத்த சித்திரையில காட்டுனாக. தரை வெள்ளையா பூத்துக் கிடந்துச்சு, உவருதான். நாலு பக்கமும் கருவேலம். அப்பா வரல, நானும் தம்பியும்தான் போனோம். ஒரு ஓரத்துல பழைய கலுங்கு, கம்மாய்த் தண்ணி வழியுற கட்டு மாதிரி ஒன்னு இடிஞ்சு கிடந்துச்சு, அப்ப எனக்கு ஒன்னும் தோணல, நீங்க சொன்ன பெறகுதான் வயித்தக் கலக்குது.


முருகைக்கல்:

எல்லாரும் கடல் மட்டம் உயருது உயருதுன்னு பேசுறீங்க, நான் கொஞ்சம் எடக்காத்தான் கேப்பேன், கோவிச்சுக்காதீங்க. உலகம் பூரா 1901-ல இருந்து 2018 வரைக்கும் உயர்ந்தது 20 செ.மீ., ஒரு சாணுக்கும் கம்மி. இப்ப வேகம் கூடி வருசத்துக்கு மூணு நாலு மில்லிமீட்டர்னு ஆயிருக்கு. நம்ம கரை சப்பட்டை, ஒரு சாண் தண்ணி ஏறுனா எத்தனையோ அடி மணல் போகும், அதெல்லாம் சரி. ஆனா நம்ம கரைக்கு முன்னாடி காவலுக்கு நின்ன தீவுங்கள என்ன பண்ணோம்?

மன்னார் வளைகுடாவுல 21 தீவு. அதுல ரெண்டு இப்ப தண்ணிக்குள்ள, கீழக்கரைக்கு நேரா இருந்த பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லியும். கடல் மட்டம் ஒரு காரணம், முருகைக்கல்ல, அதான் பவளப்பாறைய, பேத்துப் பேத்து வித்தது பெரிய காரணம். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போச்சு, வீட்டு அஸ்திவாரத்துக்குப் போச்சு. எங்க தாத்தா வத்தைப் படகுல கல்லு ஏத்துனவரு, நானே அந்தக் காசுல படிச்சவன், அதான் இந்தப் பேர வச்சுருக்கேன். 1986-ல தேசியப் பூங்கான்னு அறிவிச்ச பெறகும் ஓடிச்சு, 2001-ல பவளப்பாறைய வனவிலங்குச் சட்டத்துல புலிக்குச் சமமா சேத்த பெறகுதான் ஓய்ஞ்சது.

அப்புறம் தூண்டில் வளைவு, கரையில இருந்து கடலுக்குள்ள நீட்டிப் போடுற கல்லு. மேக்க இருந்து அடிக்குற கச்சான் காத்துக் காலத்துல மணல் கிழக்க நகரும், வாடையில கொஞ்சம் திரும்பி வரும், இது கடல்ல எறங்குன எல்லாருக்கும் தெரியும். நடுவுல கல்லப் போட்டா ஒரு பக்கம் மணல் சேரும் இன்னொரு பக்கம் கடல் திங்கும். ஒரு ஊரக் காப்பாத்துறேன்னு அடுத்த ஊரக் காவு குடுக்குறது. கடலாடிக்காரன் தம்பி, உங்க ஊருக்கு மேக்க ஏதாச்சும் கல்லு கெடக்கா?


கடலாடிக்காரன்:

கெடக்கு அண்ணே. அது வந்த பெறகுதான் முதல் வரிசை வீடு போச்சுன்னு அப்பா சொல்லுவாரு. நாங்க அவரு சும்மா பொலம்புறாருன்னு விட்டுட்டோம்.


தொண்டி மருமக:

நான் பொறந்தது நாகப்பட்டினம் பக்கம், வாக்கப்பட்டது தொண்டி. சுனாமிக்கு அப்புறம் இதே பாரம் எங்க ஊருக்கும் வந்துச்சு தம்பி, அதனால நான் சொல்றத நல்லா கேட்டுக்க.

2005 மார்ச்சுல அரசாணை 172-ன்னு ஒன்னு போட்டாக. கடல்ல இருந்து 200 மீட்டருக்குள்ள இருக்குறவுக உள்ள தள்ளி புது வீடு வாங்கிக்கலாம், வாங்கிக்கிட்டா பழைய மனைய கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்துரணும். வேணாம்னா அங்கயே இருந்துக்கலாம், ஆனா ரிப்பேருக்கு ஒரு பைசா கிடையாது. சொல்லப் போனா கட்டாயம் கிடையாது. ஆனா வீட்டப் பறிகுடுத்துட்டு கூடாரத்துல உக்காந்துருக்குறவன்கிட்ட கட்டாயம் இல்லன்னா என்ன அர்த்தம்? எங்க அண்ணன் போட்டாரு. பக்கத்து வீட்டு மாமா போடல.

குடுத்தது முந்நூத்திச் சொச்சம் சதுர அடி வீடு, காங்கிரீட், நல்லாத்தான் கட்டுனாக, பொய் சொல்லக் கூடாது. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு பேருலயும் பட்டா, அது எங்க அண்ணிக்கு பெரிய தைரியம், அண்ணன் குடிச்சுட்டு வந்து வீட்ட வித்துருவேன்னு கத்துனா அண்ணி சிரிக்கும். அது நல்லது. கெட்டது என்னன்னா கடல் கண்ணுக்குத் தெரியல. தம்பி இது உனக்குப் புரியும், திருப்பூர்க்காரங்களுக்குப் புரியாது. எங்க அப்பா திண்ணையில உக்காந்து தண்ணி நெறத்தப் பாத்து மீன் மடை வந்துருக்குன்னு சொல்லுவாரு, காத்து மாறுனா தூக்கத்துல இருந்து எந்திரிச்சு நங்கூரம் பாக்க ஓடுவாரு. ரெண்டு கிலோமீட்டர் உள்ள வந்துட்டு எதப் பாக்குறது? இன்சின கரையில விட்டா திருட்டுப் போகுது, தூக்கிட்டு வந்தா ஆட்டோவுக்குக் காசு. வலை வைக்க எடம் இல்லாம புது வீட்டு முன்ரூம் பூரா வலை, பிள்ளைங்க படிக்குறது மொட்டை மாடில. அண்ணன் மகன் கல்யாணம் பண்ணப்ப அதே முந்நூறு சதுர அடிக்குள்ள ரெண்டு குடும்பம், கடைசில அவன் எங்க போனான் தெரியுமா, பழைய மனையிலயே ஓலைக்கொட்டகை போட்டுட்டான். இப்ப அவன் ஆக்கிரமிப்பாளன். அவன் தாத்தா பொறந்த மண்ணுல.

பக்கத்து வீட்டு மாமா கையெழுத்துப் போடாம அங்கயே இருந்தாரு. பட்டா அவருகிட்ட இருக்கு, ஆனா வருசா வருசம் தண்ணி வந்தா அவரு சொந்தக் காசு. அவரும் சந்தோசமா இல்ல. நான் யாரு செஞ்சது சரின்னு சொல்ல வரல.

உங்க அம்மா பாசிக்குப் போறாகன்னு எழுதிருக்க. அத யாரும் கண்டுக்கவே இல்ல இங்க. மரிக்கொழுந்துப் பாசி எடுக்குறவுக காலைல வத்தம் பாத்து எறங்கணும், விரல்ல துணி சுத்திக்கிட்டு அஞ்சாறு மணி நேரம் தண்ணிக்குள்ள கெடந்துட்டு ஈரத்தோட நாலரை கிலோமீட்டர் எப்படிப் போவாக? எடுத்த பாசிய எங்க காயப் போடுவாக? உவரு மண்ணுலயா? ஆம்பளைங்களுக்காச்சும் படகுன்னு ஒன்னு இருக்கு, கணக்குல வரும். பாசி காயப்போடுற மணலு எந்தக் கணக்குலயும் வராது. அம்மா ஒன்னும் சொல்லலன்னு எழுதுனியே, நீ கேட்டியா?


கடலாடிக்காரன்:

கேக்கல அக்கா.


பழைய சர்வேயர்:

நான் இருபத்தாறு வருசம் சங்கிலியும் கல்லுமா இந்தக் கரையோரம் அலைஞ்சவன், ரிட்டயர் ஆகிட்டேன், அதனால கொஞ்சம் வெளிப்படையாவே எழுதலாம்.

தம்பி, முதல்ல உங்க வீட்டு சர்வே நம்பருக்கு எப்.எம்.பி. ஸ்கெட்ச், அதான் நிலத்த அளந்து வரைஞ்ச படம், எடுத்துப் பாருங்க. அதுல உங்க முன்வரிசை வீடுகளும் வலைக்கொட்டகையும் இன்னும் தரையாத்தான் இருக்கும். ஒரு ஊர்ல நான் அளக்கப் போனப்ப மூலைக்கல்லு இடுப்பளவு தண்ணிக்குள்ள இருந்துச்சு, ஒரு பெரியவரு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு உள்ள போயி காலால தடவி இதான் சார் எங்க கல்லுன்னு காமிச்சாரு. பட்டா கையில, நிலம் கடல்ல. அதுக்கு நஷ்ட ஈடு உண்டான்னு அவரு கேட்டாரு, நான் தலைய குனிஞ்சுட்டு வந்தேன்.

ஏன்னா இதுதான் சங்கதி. புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் மத்திய அரசு பேரிடர் பட்டியல்ல இருக்கு. கடல் அரிப்பு அந்தப் பட்டியல்ல இல்ல. குடிசை புயல்ல விழுந்தா எட்டாயிரம், மெத்தை வீடு முழுசா போனா ஒரு லட்சத்து இருபதாயிரம்னு 2022-26-க்கு கணக்கு இருந்துச்சு. அதே வீட்ட பேரு வைக்காத அலை பத்து வருசமா கொஞ்சம் கொஞ்சமா தின்னா ஒன்னும் இல்ல. புயலுக்குப் பேரு வச்சாத்தான் காசு. பதினஞ்சாவது நிதிக் கமிஷன் 2021-26-க்கு அரிப்புனால எடம் பெயர்றவங்கள குடியமர்த்த 1,000 கோடி, அரிப்பத் தடுக்க 1,500 கோடின்னு முதல் தடவையா ஒதுக்கச் சொல்லுச்சு, அது நாடு பூராவுக்கும், ஆத்தங்கரை அரிப்பும் சேத்து. ஒடிசாவுல சதபாயான்னு கடல் தின்ன ஊர்ல இருந்து 571 குடும்பத்த பாகபாட்டியாங்குற எடத்துல குடி வச்சாக. ஆக வழியே இல்லன்னு சொல்ல முடியாது.

கையெழுத்துப் போடாதேன்னு நான் சொல்ல மாட்டேன், அடுப்படில அலை தட்டுதுன்னா மாசமா இருக்குற பிள்ளைய அங்க வச்சுக்கிட்டு வீரம் பேசக் கூடாது. ஆனா அந்த பாரத்துல போடாத. அதுல என்ன எழுதிருக்குன்னு எனக்குத் தெரியாது, பொதுவா இந்த மாதிரி பாரத்துல மனைய ஒப்படைக்குற தேதி இருக்கும், புது பட்டா தர்ற தேதி இருக்காது. அந்த வரிசைய மாத்தச் சொல்லி ஊர்க்கூட்டத்துல தீர்மானம் போடுங்க. முதல்ல புதுப் பட்டா, அதுவும் அப்பா அம்மா ரெண்டு பேரு பேருல, வீடு கட்டி சாவி கைக்கு வந்த பெறகு பழைய மனை. தம்பி தனிக் குடும்பம், தனி ரேஷன் கார்டு எடுத்துட்டீங்களா? எடுக்கலன்னா இந்த வாரமே எடுங்க, இல்லன்னா தொண்டி மருமக சொன்ன கதைதான் உங்களுக்கும்.

இதுல யாரும் யோசிக்காதது, வீட்டு மனைய விட்டுக் குடுக்குறது வேற, கரைய விட்டுக் குடுக்குறது வேற. படகு நிறுத்துற எடம், வலை காயப்போடுற எடம், பாசி காயப்போடுற எடம், கோயில், சுடுகாடு இதெல்லாம் உங்க தனிப்பட்டா கிடையாது, ஊருப் பொதுவுல அனுபவிக்குறது, ரெக்கார்டுல புறம்போக்கு. நீங்க எல்லாரும் எந்திரிச்சுப் போனா அத அனுபவிக்குறவன் இல்லன்னு ஆகிரும், உப்புக்காத்து பயப்படுறது அதத்தான். 2011 கடற்கரை மண்டல அறிவிக்கையில மீனவர் தொழிலுக்கு வேண்டிய எடங்கள உள்ளூர் வரைபடத்துல குறிக்கணும்னு தெளிவா இருக்கு. அந்த மேப்ப வாங்கிப் பாருங்க. நிறைய ஊர்ல வெறும் மணலுன்னு போட்டு விட்டுருப்பாக. கோடு இல்லன்னா இப்பவே ஆட்சேபணை குடுங்க, குடி இருக்கப்ப குடுத்தாத்தான் மதிப்பு.

நீங்க பாத்த கலுங்கு விசயத்தையும் விட்டுராதீங்க. அந்தப் புது எடத்தோட அ-பதிவேடு நகல் எடுங்க, எந்த சர்வே நம்பர் என்ன வகை நிலம்னு அதுலதான் இருக்கும். கம்மாய்னோ ஓடைன்னோ இருந்துச்சுன்னா நீர்நிலைப் புறம்போக்குல பட்டாவே குடுக்கக் கூடாது, நாளைக்கு கோர்ட்டுக்கு எவனாச்சும் போனா அங்க இருந்தும் எந்திரிக்கணும்.


உப்புக்காத்து:

சார் சொன்ன பெறகு என் கமெண்ட்ட நானே வாபஸ் வாங்கிக்குறேன். பாதி.


முருகைக்கல்:

அந்த 23 வீடு போட்டாச்சே சார், அவுகளுக்கு?


பழைய சர்வேயர்:

கையெழுத்து வாங்குனதோட சரி, பட்டா ரத்து உத்தரவு வந்துருக்காதுன்னு நினைக்குறேன், வந்துருந்தா தம்பி எழுதிருப்பாரு. உத்தரவு வராத வரைக்கும் அவுகளும் தீர்மானத்துல சேரலாம். சேந்தே ஆகணும். 39 வீடு ஒரு பக்கம் 23 வீடு ஒரு பக்கம்னு ஊரு ரெண்டாப் பிரிஞ்சா ஆபீஸுக்கு வேலை சுளுவு.


கடலாடிக்காரன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுல ஊருக்கு வந்தேன். அம்மாகிட்ட கேட்டேன் அக்கா. அம்மா ரொம்ப நேரம் பேசல, அப்புறம் சொல்லுச்சு, எனக்கு அங்க தூங்கணும், இங்க வேலை பாக்கணும், இதுக்கு எந்த பாரத்துல எடம் இருக்குன்னு. நான் என்னத்தச் சொல்ல.

அப்பாகிட்ட சர்வேயர் சார் எழுதுனத அப்படியே படிச்சுக் காமிச்சேன். மனையும் கரையும் வேறன்னு சொன்ன எடத்துல திரும்பப் படிக்கச் சொன்னாரு. அப்புறம் எந்திரிச்சுப் போனாரு, வழக்கம் போல கோவிச்சுட்டாருன்னு நினைச்சேன், பாத்தா பெட்டியத் தொறந்து பழைய தீர்வை ரசீது, தாத்தா காலத்து வலைக்கொட்டகை வரி கட்டுன சீட்டு எல்லாம் ஒரு மஞ்சப் பையில வச்சுருந்தத எடுத்துட்டு வந்து கொட்டுறாரு. பாதி செல்லு அரிச்சுக் கிடக்கு. கையெழுத்துப் போட்ட வீட்டுக்காரங்க நாலு பேரு நேத்து சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்தாக, ஊர்க்கூட்டம் வெள்ளிக்கிழமை போடுறதா பேச்சு. தம்பி மட்டும் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு இருக்கான், அவன் பொண்டாட்டிய பிரசவம் வரைக்கும் அவுக அம்மா வீட்டுக்கு அனுப்பி வச்சாச்சு.

சர்வேயர் சார், திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல குடுக்க மனு எழுதணும், மேப்புக்கும் அ-பதிவேட்டுக்கும் எப்படிக் கேக்கணும்னு ஒரு மாதிரி இருந்தா அனுப்ப முடியுமா? அப்புறம் அந்த செல்லரிச்ச சீட்டு செல்லுமா?


பழைய சர்வேயர்:

சர்வே நம்பரையும் வருவாய் கிராமத்தையும் இன்பாக்ஸ்ல போடுங்க, பொதுவுல போட வேணாம். மனு இன்னைக்கு ராத்திரி அனுப்புறேன். சீட்டு செல்லும், லேமினேஷன் மட்டும் பண்ணிராதீங்க, ஜெராக்ஸ் எடுத்துட்டு ஒரிஜினல எவன் கேட்டாலும் கையில குடுக்காம காமிங்க.


தொண்டி மருமக:

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு பாசிக்குப் போற பொம்பளைங்களையும் கூப்புடச் சொல்லு தம்பி. வத்தம் இல்லாத நேரமா பாத்து வையிங்க.